வெட்கப்பட வேண்டியது எது?

'புடெண்டம்' என்று லத்தீனில் ஒரு சொல் உண்டு. 'புடேரெ' என்றால் வெட்கப்படுதல். அந்த வினையிலிருந்து வந்த 'புடெண்டம்' என்பதற்கு 'வெட்கப்பட வேண்டியது' என்று பொருள். ஐரோப்பிய மருத்துவம் இந்தச் சொல்லைப் பெண்ணின் வெளிப் பிறப்புறுப்புக்குப் பெயராக்கியது. 1895இல் பாசல் நகரில் உடற்கூறியலாளர்கள் கூடி, உடலின் உறுப்புகளுக்கெல்லாம் சீரான லத்தீன் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஏற்றார்கள். அதில் 'புடெண்டம் முலியெப்ரே' இடம்பெற்றது. பெண்ணிடம் உள்ள, வெட்கப்பட வேண்டியது என்று அதைத் தமிழில் சொல்லலாம். பிற்பாடு 'புடெண்டம் ஃபெமினினம்' என்று சற்றே உடை மாற்றிக்கொண்டு 1998இல் வெளியான சர்வதேசப் பட்டியல்வரை அது வந்து சேர்ந்தது. பழைய லத்தீனில் இந்தச் சொல் ஆண், பெண் இருவருடைய உறுப்புகளுக்கும் புழங்கியிருக்கிறது. நவீன அறிவியல் ஒழுங்குபடுத்திய பட்டியலிலோ வெட்கம் பெண்ணின் உறுப்புக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது.

இடுப்புக்கூட்டின் அடிப்பகுதியில் ஓடும் ஒரு நரம்புக்கும் இதே வேரிலிருந்துதான் பெயர்: புடெண்டல் நரம்பு. அது இருபாலாருக்கும் உண்டு. பிரசவத்தின்போது வலி தெரியாமலிருக்க அந்த நரம்பை ஒட்டி மரத்துப்போகும் ஊசி போடுவதுண்டு. மருத்துவமும் செவிலியமும் படிக்கும் நம் பெண்கள் இந்தப் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வுத்தாளில் எழுதுகிறார்கள், பிரசவ அறையில் உச்சரிக்கிறார்கள். அதன் பொருளை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

"பொருளா முக்கியம்? அது வெறும் லத்தீன். செத்துப்போன மொழி. யாரையும் புண்படுத்தாது" என்று ஒரு சமாதானம் உண்டு. நான் விசாரிக்க விரும்புவது இந்தச் சமாதானத்தைத்தான். ஒரு சொல் பழையது என்பதாலேயே அது குற்றமற்றதாகிவிடாது. அதேபோல, பழைய மொழி ஒன்றின் தலையில் எல்லாப் பழியையும் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. லத்தீனிலிருந்து நம் காலத்து மொழிகளுக்கு வந்த சொற்களைப் பின்தொடர்ந்து போனால், வழிநெடுக ஆட்கள் நிற்கிறார்கள். எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது, எதை யாருக்குச் சூட்டுவது என்று அவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். பல நேரங்களில் அந்த முடிவுக்குத் தேதியும் கையெழுத்தும் இருக்கின்றன.

*

முதலில் வீட்டுக்குள் போவோம். இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கீசியம், ருமேனியம் ஆகியவை லத்தீனின் நேர் வாரிசுகள். ஆங்கிலம் அந்தக் குடும்பத்தில் பிறந்ததல்ல. ஆனாலும் அதன் சொற்களில் பாதிக்கும் மேல் நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ லத்தீனிலிருந்து வந்தவை. ஆங்கிலம் வழியாக அவை நம் பேச்சுக்குள்ளும் நுழைந்துவிட்டன. ஸ்டூடன்ட், டாக்டர், ஃபேமிலி என்று நாம் சொல்லும்போதெல்லாம் ரோமாபுரியின் காசைத்தான் செலவழிக்கிறோம்.

அந்தக் காசில் யாருடைய முகம் பொறித்திருக்கிறது? 'ஃபேமிலி' என்பதன் மூலம் 'ஃபமிலியா'. அது 'ஃபாமுலுஸ்', அதாவது வீட்டு அடிமை, என்பதோடு தொடர்புடைய சொல். ரோமானியச் சட்டத்தில் ஃபமிலியா என்றால் ஒரு குடும்பத் தலைவனின் ஆளுகைக்கு உட்பட்ட அடிமைகள், மனிதர்கள், உடைமைகள் எல்லாம் அடங்கும். எங்கெல்ஸ் 1884இல் குடும்பத்தின் தோற்றம் பற்றி எழுதியபோது இந்த வேரைத்தான் தோண்டிக் காட்டினார். அன்பின் கூடாரமாக நாம் கொண்டாடும் சொல், ஒரு சொத்துப் பட்டியலாகப் பிறந்திருக்கிறது.

இன்னோர் இணையைப் பாருங்கள். 'பாத்தெர்' என்றால் தந்தை, 'மாத்தெர்' என்றால் தாய். இரண்டோடும் ஒரே விகுதியைச் சேர்த்தால் 'பாத்ரிமோனியும்', 'மாத்ரிமோனியும்' கிடைக்கும். இலக்கணப்படி இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முதலாவதற்குத் தந்தைவழிச் சொத்து என்று பொருள். இரண்டாவதற்குத் திருமணம் என்று பொருள். தந்தையின் பேரால் சொத்து வருகிறது. தாயின் பேரால் தாயாகும் கடமை வருகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் இன்று 'மேட்ரிமோனி' என்பது வரன் தேடும் இணையதளங்களின் பொதுப்பெயராகிவிட்டது. சாதி, உயரம், நிறம், சம்பளம் என்று வடிகட்டிப் பெண்ணைத் தேடும் அந்தத் தளத்தின் பெயருக்குள் 'தாய்' இருக்கிறாள். அவளுக்குச் சொத்து மட்டும் இல்லை.

விடுதலையைக் குறிக்கும் சொல்லும் இதே வீட்டிலிருந்துதான் வருகிறது. பெண் விடுதலையைப் பேசிய ஐரோப்பியர்கள் 19ஆம் நூற்றாண்டு முழுக்க 'எமன்சிபேஷன்' என்றார்கள். 'மானுஸ்' என்றால் கை. ரோமானியச் சட்டத்தில் அது கணவனுக்கு மனைவி மேலுள்ள அதிகாரத்தின் பெயரும்கூட. கைப்பிடித்தவன் என்று கணவனைச் சொல்லிப் பழகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது. 'எமான்சிபாத்தியோ' என்பது தந்தை தன் பிள்ளையைத் தன் அதிகாரத்திலிருந்து விடுவிக்கும் சடங்கு. மகனை விடுவிக்க அவனை மூன்று முறை விற்பதுபோல் நடித்துக் காட்ட வேண்டும். மகளுக்கு ஒருமுறை விற்றால் போதும். அவளை விடுவிப்பது அத்தனை எளிது என்று மகிழ்வதா, அவளைப் பிடித்து வைத்திருப்பதற்கு அவ்வளவுதான் மதிப்பு என்று எடுத்துக்கொள்வதா என்பதை வாசகருக்கே விட்டுவிடுகிறேன். நம் பாட்டிமார் காலத்துப் பெண்ணியம் தன் கோரிக்கைக்குக் கையிலெடுத்த சொல்லில், விடுவிக்கும் கை தந்தையுடையதாகவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

'விர்ச்சூ' என்ற ஆங்கிலச் சொல்லின் கதை இன்னும் விசித்திரம். 'விர்' என்றால் ஆண். 'விர்த்துஸ்' என்றால் ஆண்மை, வீரம். சிசரோவே இந்தச் சொல் 'விர்' என்பதிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறார். அது மெல்ல எல்லா நற்குணங்களுக்கும் பொதுப்பெயரானது. ஆங்கிலத்தில் பெண்ணோடு சேர்த்துச் சொன்னபோது மட்டும் அது கற்பு என்று சுருங்கியது. போர்க்களத்தில் ஆணின் வீரமாக இருந்த ஒன்று பெண்ணிடம் வந்ததும் படுக்கையறைக் காவலாக மாறிவிட்டது. இந்தச் சுருக்கத்தைச் செய்தது லத்தீன் கிடையாது. அதைக் கடன் வாங்கிய பின்னவர்கள் செய்த வேலை இது.

*

இந்தச் சொற்கள் ஆங்கிலம் வழியாக மட்டும் நம்மிடம் வரவில்லை. 16ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரைகளுக்கு வந்த போர்த்துக்கீசியர் லத்தீனின் பேரப்பிள்ளைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். மேசை, அலமாரி, சாவி, ஜன்னல், பேனா எல்லாம் அப்படி இறங்கியவைதான். நம் வீட்டின் பாதி சாமான் லத்தீன் வம்சம். பொருள்களின் பெயர்களில் சிக்கல் ஒன்றுமில்லை. ஆட்களின் பெயர்களைப் பார்த்தால்தான் கண் உறுத்துகிறது.

'பாத்தெர்' என்ற லத்தீன் தந்தை, போர்த்துக்கீசியத்தில் 'பாத்ரெ' ஆகி, தமிழில் 'பாதிரி' ஆனார். லத்தீனில் 'ஆவியா' என்றால் பாட்டி. போர்த்துக்கீசியத்தில் அவள் 'ஆயா' ஆனாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் என்ற பொருளோடு இந்திய மொழிகளில் நுழைந்தாள். வெள்ளைக்கார வீடுகளில் குழந்தை வளர்த்த ஆயா, இன்று பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் மலஜலம் துடைக்கும் ஆயா. பாட்டியை ஆயா என்று அழைக்கும் வழக்கம் நம் ஊர்களில் தனியே உண்டு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது வேலைக்கார ஆயாவை. தந்தையின் பெயர் கடல் தாண்டி வந்து பீடத்தில் ஏறியது. பாட்டியின் பெயர் அதே கடலைத் தாண்டி வந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஒரே லத்தீன்தான், ஒரே கப்பல்தான். வீட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏற்கெனவே பிரித்துவைத்திருந்த இடங்களில் சொற்கள் போய் உட்கார்ந்துகொண்டன.

*

இனி உடலுக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உடற்கூறியல் பிறந்த வீடு என்று இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தைச் சொல்வார்கள். 1543இல் மனித உடலின் அமைப்பு பற்றிய பெருநூலை வெளியிட்ட வெசாலியஸ் அங்கே கற்பித்தவர். ரெயால்டோ கொலம்போ, கப்ரியேலே ஃபலோப்பியோ ஆகியோரும் அங்கே பணியாற்றியவர்கள். இவர்கள் எல்லாரும் எழுதியது லத்தீனில். பாடம், விவாதம், தேர்வு எல்லாம் லத்தீனில். அந்த மொழியைச் சிறுவர்கள் பள்ளியில் படித்தார்கள். அவர்களுடைய சகோதரிகள் வீட்டில் தாய்மொழி பேசிக்கொண்டிருந்தார்கள். லத்தீன் என்பது ஆண்பிள்ளைகள் அம்மாவின் மொழியைத் தாண்டிப் போய் ஆண்களின் உலகத்தில் சேரும் வாசற்படி.

அந்த வாசற்படிக்கு அப்பால் பெண்ணுடலுக்குப் பெயர் சூட்டும் விழா நடந்தது. கொலம்போவின் நூல் 1559இல் வெளியானது. பெண்ணின் இன்ப உறுப்பைத் தானே கண்டுபிடித்ததாக அவர் அதில் அறிவித்தார். கண்டுபிடித்தவனுக்குப் பெயர்வைக்கும் உரிமை உண்டென்றால் அதை வீனஸின் காதல் என்றோ இனிமை என்றோ அழைக்கலாம் என்றார். 1561இல் ஃபலோப்பியோ, தான்தான் முதலில் கண்டதாக எழுதினார். பண்டைய கிரேக்க மருத்துவ எழுத்துகளிலேயே பேசப்பட்ட ஓர் உறுப்பு அது. அதை உடம்பில் வைத்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்றும்கூட. அதற்காக இரண்டு பேராசிரியர்கள் எல்லைக்கல் நட்டுச் சண்டை போட்டார்கள்.

'வஜைனா' என்ற சொல்லும் இந்தக் காலத்து உடற்கூறு நூல்களிலிருந்துதான் மருத்துவப் பெயராக நிலைத்தது. லத்தீனில் அதற்கு வாளின் உறை என்று பொருள். உறைக்குத் தனியாக வாழ்க்கை கிடையாது. வாள் இருந்தால்தான் உறைக்கு வேலை. குழந்தை வெளியே வரும் வழி, மாதந்தோறும் உதிரம் போகும் வழி, தன்னைத் தானே தூய்மைப்படுத்திக்கொள்ளும் ஓர் உறுப்பு. இத்தனையும் இருக்க, ஆண் வந்து செருகும் இடம் என்ற ஒரே கோணத்திலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள். இதே சொல்லின் ஸ்பானியப் பேத்தி 'வைனா'. அதற்குக் காயின் தோல், உறை என்று பொருள். அதைச் செல்லமாகக் குறுக்கி 'வைனில்லா' என்றார்கள். நாம் ஐஸ்கிரீம் கடையில் கேட்கும் வெனிலா அதுதான். கடையில் கூச்சமின்றிக் கேட்கும் சொல்லின் பாட்டியை மருத்துவர் அறையில் உச்சரிக்க நமக்கு நாக்கு எழுவதில்லை.

கவனியுங்கள், மேசைமேல் மூன்று பெயர்கள் இருந்தன: இனிமை, உறை, வெட்கம். ஒன்று மறைந்துபோனது, மற்ற இரண்டும் பாடப்புத்தகம் ஏறின. 1998இல் ஆஸ்திரேலியச் சிறுநீரகவியல் அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானலும் அவரோடு பணியாற்றியவர்களும் கொலம்போ பெயர் வைக்க விரும்பிய அந்த உறுப்பை அறுத்து ஆராய்ந்து, பாடநூல்கள் காட்டியதைவிட அது மிகப் பெரியது, அதன் பெரும்பகுதி உடலுக்குள் இருக்கிறது என்று எழுதினார்கள். அதே 1998இல்தான் 'புடெண்டம் ஃபெமினினம்' என்ற பெயரோடு சர்வதேசப் பட்டியல் வெளியானது. பெயர்கள் பட்டியலில் பத்திரமாக இருந்தன. பெயருக்குரிய உறுப்பை யாரும் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

"மரபாக வந்த பெயரை மாற்ற முடியாது" என்பார்கள். மாற்றியிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டுவரை சினைப்பைக்கு லத்தீனில் 'பெண்ணின் விதைகள்' என்றுதான் பெயர். பெண்ணுடல் என்பது ஆணுடலின் குறைப்பிரதி, வெளியே இருக்க வேண்டியது உள்ளே தங்கிவிட்டது என்ற பழைய நம்பிக்கையின் எச்சம் அது. ஸ்டெனோவும், 1672இல் பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகள் பற்றிய நூலை வெளியிட்ட ரெய்னியர் த கிராஃபும் அவை முட்டைகளைக் கொண்ட பைகள் என்று வாதிட்டார்கள். பெயர் மாறியது. அறிவு மாறினால் சொல் மாறும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அறிவியல் தனக்குத் தேவைப்பட்டபோது மரபைக் கழற்றி வைக்கத் தயங்கியதில்லை. வெட்கத்தைக் கழற்ற மட்டும் அதற்கு இன்னும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.

*

இவ்வளவையும் வைத்து லத்தீனே ஆணாதிக்க மொழி என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. அது நம் எதிராளிகளுக்குத்தான் வசதி. "மொழியே அப்படி, நாங்கள் என்ன செய்வது?" என்று அவர்கள் கைவிரித்துவிடுவார்கள்.

லத்தீனில் செயலைச் செய்யும் பெண்ணுக்கு அழகாக ஒரு விகுதி உண்டு: 'த்ரிக்ஸ்'. 'ஆக்தொர்' என்றால் நடத்துபவன், 'ஆக்த்ரிக்ஸ்' என்றால் நடத்துபவள். 'அவுக்தொர்' என்றால் ஆக்கியோன், 'அவுக்த்ரிக்ஸ்' என்றால் ஆக்கியோள். ரோமானியக் கல்வெட்டுகளில் 'மெடிகா' என்று பெண் மருத்துவர்கள் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். 'ஒப்ஸ்தெத்ரிக்ஸ்' என்றால் மருத்துவச்சி. பிள்ளை பெறுபவளின் எதிரே நிற்பவள் என்று அதற்குப் பொருள். இன்றைய 'ஆப்ஸ்டெட்ரிக்ஸ்' அந்தப் பெண்பால் சொல்லிலிருந்து வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் பிரசவம் ஆண் மருத்துவர்களின் துறையானபோது அவர்கள் மருத்துவச்சியைத் தரம் தாழ்த்தினார்கள். அவளுடைய லத்தீன் பெயரை மட்டும் தங்கள் துறைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

12ஆம் நூற்றாண்டில் சலேர்னோ நகரில் ட்ரோட்டா என்ற பெண் மருத்துவம் பார்த்தார். பெண்களின் நோய்களுக்கான சிகிச்சை பற்றிய லத்தீன் பிரதிகள் அவர் பெயரோடு இணைந்து ஐரோப்பா முழுக்கப் பரவின. 1566இல் அவற்றை மீண்டும் அச்சிட்ட பதிப்பாசிரியர் ஒருவர், ஆசிரியர் பெயரை எரோஸ் என்ற ஓர் ஆணின் பெயராகத் திருத்தினார். அதே 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி ஹில்டெகார்ட் லத்தீனில் இறையியலும் மருத்துவமும் எழுதினார். அது போதாதென்று புதிய மொழி ஒன்றுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தானே உருவாக்கி, லத்தீனிலும் ஜெர்மானியத்திலும் பொருள் எழுதிவைத்தார். கடவுள் முதல் பூச்சிவரை, உடலின் உறுப்புகள் உட்பட, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் புதுப்பெயர் வைத்த அகராதி அது.

பதுவாவுக்கே ஒரு பெண் வந்தாள். 1678 ஜூன் 25இல் எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியா லத்தீனில் தேர்வு கொடுத்து முனைவர் பட்டம் பெற்றார். அவர் கேட்டது இறையியலில் பட்டம். பெண்ணுக்கு இறையியல் பட்டமா என்று ஆயர் மறுத்ததால் தத்துவத்தில் கிடைத்தது. பெண்களுக்கு லத்தீன் வராது என்று யாரும் சொல்ல முடியாது. வந்தவர்களுக்குக் கதவை எவ்வளவு திறப்பது என்பதைத்தான் ஆண்கள் முடிவு செய்தார்கள்.

பிரெஞ்சில் நடந்ததைப் பார்த்தால் இந்த முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பது தெளிவாகும். லத்தீனின் 'ஆக்த்ரிக்ஸ்' அங்கே 'ஆக்த்ரீஸ்' ஆனது, அதாவது நடிகை. 'அவுக்த்ரிக்ஸ்' அதே விதிப்படி 'ஓத்ரீஸ்' ஆனது, அதாவது எழுத்தாளர் பெண். இரண்டும் புழக்கத்தில் இருந்தன. 17ஆம் நூற்றாண்டு முதல் இலக்கணக்காரர்கள் இரண்டாவதைப் பழித்து ஒதுக்கினார்கள். மேடையில் பெண் நடிக்கலாம், அதற்குச் சொல் உண்டு. பெண் எழுதலாகாது, ஆகவே சொல் வேண்டாம். ஒரே வேர், ஒரே விகுதி. இலக்கணத்தில் எந்தக் குற்றமும் இல்லை.

நம் தமிழில் 'வந்தார்கள்' என்றால் ஆணும் பெண்ணும் அடங்குவர். பிரெஞ்சில் நூறு பெண்களோடு ஓர் ஆண் வந்தாலும் ஆண்பால் பன்மைதான். ஆண்பாலுக்கே முன்னுரிமை என்ற இந்த வழக்கம் லத்தீனிலும் இருந்தது. ஆனால் அருகிலுள்ள சொல்லின் பாலோடு இயைந்து போகும் வழக்கமும் லத்தீனிலும் பழைய பிரெஞ்சிலும் இருந்தது. 1767இல் இலக்கணம் எழுதிய பொசே, ஆண்பால் உயர்ந்தது, ஏனென்றால் பெண்ணைவிட ஆண் உயர்ந்தவன் என்று காரணத்தை ஒளிக்காமலே சொன்னார். இரண்டு வழக்கங்கள் இருந்தபோது ஒன்றைச் சட்டமாக்கியது லத்தீனா, பொசே போன்றவர்களா? 1635இல் தொடங்கிய பிரெஞ்சு அகாதெமி தன் முதல் பெண் உறுப்பினராக மார்கெரித் யூர்செனாரைத் தேர்ந்தெடுத்தது 1980இல். தொழிற்பெயர்களுக்குப் பெண்பால் வடிவங்கள் இருக்கலாம் என்று அது இறங்கிவந்தது 2019 பிப்ரவரியில். 'ஓத்ரீஸ்' மீண்டும் புழங்குகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பூட்டி வைத்திருந்ததைத் திறந்திருக்கிறார்கள்.

*

சொல்லின் வேரைத் தேடும்போது நாம் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். பொய் வேர்கள் பெண்களைக் கொன்றிருக்கின்றன. 1486 வாக்கில் ஹைன்ரிஷ் கிராமர் என்ற துறவி சூனியக்காரிகளை வேட்டையாடுவதற்கான கையேடு ஒன்றை லத்தீனில் எழுதினார். 'மல்லேயுஸ் மலேஃபிகாரும்' என்பது அதன் தலைப்பு, சூனியக்காரிகளின் சம்மட்டி. தலைப்பிலேயே பெண்பால் பன்மை. 'ஃபெமினா' என்ற சொல் 'ஃபே', 'மினுஸ்' இரண்டும் சேர்ந்து வந்தது, அதாவது நம்பிக்கை குறைந்தவள், ஆகவே சாத்தானுக்கு எளிதில் வசப்படுபவள் என்று அந்நூல் 'சொல்லாராய்ச்சி' செய்தது. அது முழுப் பொய். 'ஃபெமினா' என்பது பால் கொடுத்தல் என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்தது. அந்தக் கையேடு பலமுறை அச்சாகி, சூனிய வேட்டையின் காலத்தில் நீதிபதிகளின் கைகளில் புழங்கியது.

அதனால்தான் நம் பக்கத்திலும் பொய் வேர்கள் வேண்டாம் என்கிறேன். 'ஹிஸ்டரி' என்றால் 'அவனுடைய கதை' என்று மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். அது கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த, விசாரித்து அறிதல் என்ற பொருளுள்ள சொல். ஆங்கில 'ஹிஸ்' அதில் இல்லவே இல்லை. சிலேடையாகச் சொல்லலாம், சான்றாகச் சொல்லக் கூடாது. நம்மிடம் உண்மைச் சான்றுகள் இவ்வளவு இருக்கும்போது போலிச் சான்று எதற்கு? ஒரு போலியைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடக் காத்திருப்பவர்களுக்கு நாமே வழி செய்து கொடுக்கலாகாது.

*

2019இல் உடற்கூறியல் பெயர்ப் பட்டியலின் இரண்டாம் பதிப்பு வந்தது. பெண்ணின் வெளிப் பிறப்புறுப்புக்கு 'புடெண்டம்' என்ற பெயர் நீக்கப்பட்டது, 'வல்வா' நின்றது. நரம்பின் பெயரை மாற்றவில்லை. உறுப்பு வெட்கத்திலிருந்து விடுபட்டுவிட்டது. உறுப்பின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு விடுபடவில்லை.

தமிழில் நாம் என்ன செய்திருக்கிறோம்? மேற்கத்திய உடற்கூறியலைத் தமிழில் எழுதும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மகப்பேற்று மருத்துவ நூலையும், 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் உடற்கூற்று நூலையும் தமிழில் கொண்டுவந்தார். பெரிய பணி. ஆனால் அங்கேயும் கற்பித்தவர் ஆண், கற்றவர்கள் ஆண்கள். பதுவாவின் வகுப்பறை மானிப்பாய்க்கு இடம் மாறியது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் மாறவில்லை.

இன்று நம் நாளிதழ்கள் எழுதும் 'மர்ம உறுப்பு', அறிவுரைக் கூட்டங்களில் கேட்கும் 'அந்தரங்க உறுப்பு', வீடுகளில் சொல்லும் 'மறைவிடம்' ஆகியவற்றைப் 'புடெண்டம்' பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லத்தீன் தெரியாமலே நாம் லத்தீனை மொழிபெயர்த்திருக்கிறோம். இருக்கும் நேர்ச்சொற்களை வசைச்சொற்களாக்கி ஆண்களின் வாயில் விட்டுவிட்டோம். குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு 2002இல் வந்தபோது எழுந்த கூச்சலை மறந்திருக்க மாட்டீர்கள். சங்கப் பாடல்களில் புழங்கிய சொல்தான் அது. பெண் ஒருத்தி தன் உடலைச் சொல்ல அதை எடுத்ததும் ஆபாசமாகிவிட்டது.

இது சொல்லழகு பற்றிய விவாதமாக நின்றுவிடக் கூடாது. 'கீழே வலிக்குது' என்று மட்டும் சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு எங்கே வலிக்கிறது என்பதை மருத்துவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. 2012இல் போக்சோ சட்டம் வந்தது. அந்தச் சட்டம் ஒரு சிறுமியிடம் நடந்ததைச் சொல்லச் சொல்கிறது. உறுப்பின் பெயரையே அவளுக்குச் சொல்லித்தராத வீட்டிலிருந்து வரும் அந்தச் சிறுமி எந்தச் சொல்லால் சொல்வாள்? அவள் வாக்குமூலத்தில் 'அங்கே' என்று இருந்தால், 'எங்கே?' என்று எதிர்த்தரப்பு கேட்காதா?

மருத்துவமோ செவிலியமோ மொழியியலோ சட்டமோ படிக்கும் பெண்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பாடத்தில் லத்தீன் பெயர் வந்தால் அதன் பொருளையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். யார் வைத்தார், எப்போது வைத்தார், அப்போது வேறு என்ன பெயர்கள் இருந்தன என்று தேடுங்கள். தமிழில் எழுதும்போது மர்மத்தையும் மறைவையும் தவிர்த்து, பிறப்புறுப்பு, யோனி, முலை என்று கண், காது, கை என்பதுபோலவே எழுதுங்கள். உங்கள் குழந்தைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுங்கள். அடுத்த பதிப்பில் அந்த நரம்பின் பெயரும் மாறலாம். அதுவரை வகுப்பில் 'புடெண்டல்' என்ற சொல் வரும்போது கையைத் தூக்கி அதன் பொருளைக் கேளுங்கள். ஆசிரியருக்குத் தெரியாவிட்டால், எழுந்து நின்று நீங்களே சொல்லுங்கள்.